மூன்று கிலோ அகராதியும் முதுகுத் துணியும்: ஒரு பழுதுபார்ப்பின் முழு விவரம்

நூல், 1930களில் அச்சான ஒரு தமிழகராதியின் முதல் தொகுதி. உயரம் 28 செ.மீ., அகலம் 22 செ.மீ., கனம் ஆறரை செ.மீ., எடை 3.2 கிலோ. சொந்தக்காரர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அலமாரியில் அழகுக்கு வைத்திருக்கிறவர் இல்லை; இன்னமும் தினமும் எடுத்துப் புரட்டுகிறவர். என் பைண்டிங் பட்டறைக்கு வந்தபோது முன்னட்டை முழுதாகக் கழன்றிருந்தது. பின்னட்டையில் மேல்பாதி பிய்ந்துபோய், கீழ்ப்பாதி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. முதுகு வெளிப்பக்கம் உருண்டு இருக்க வேண்டியது, உட்பக்கம் குழிந்து கிடந்தது. அதனால் பக்கங்களின் முன்விளிம்பு அட்டையைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

“நல்ல பசையாப் போட்டு ஒட்டிக் குடுங்க தம்பி, அது போதும்” என்றார் ஆசிரியர்.

அவர் சொன்னதில் வியப்பில்லை. அட்டை கழன்ற புத்தகத்தைக் கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலானோர் பசையைத்தான் குறை சொல்கிறார்கள். பைண்டிங் தொழிலில் இருக்கிறவர்களிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். இந்தப் புத்தகத்தில் பசை எங்கேயும் விட்டுக்கொடுக்கவில்லை. பிடிக்கக்கூடாத இடத்தில்கூட இறுகப் பிடித்திருந்தது. போனது துணி. அதுவும் எப்படிப் போனது என்பதுதான் இதை இவ்வளவு நீளமாக எழுத வைத்தது.

முதுகைப் பிரித்தபோது

புத்தகத்தின் முதுகில் துணி இருக்கும் என்பதே பலருக்குத் தெரியாது. பக்கங்களாக மடித்த தாள்கட்டுகளை ஃபாரம் என்போம். தைத்து முடித்த ஃபாரங்களின் முதுகில் பசை தடவி ஒரு துணியை ஒட்டுவோம். அது முதுகைவிட இரு பக்கமும் சில செ.மீ. அகலமாக இருக்கும். நீண்டு நிற்கும் அந்த இரு சிறகுகளும் அட்டைகளின் உட்புறத்தில் ஒட்டப்பட்டு, மேலே வெள்ளைத் தாள் போர்த்தப்பட்டு மறைந்துவிடும். காலிகோ என்கிற கஞ்சி நிரப்பிய மேலுறைத் துணி போட்ட சாதாரண பைண்டிங்கில் பக்கங்களையும் அட்டையையும் இணைப்பது இந்தத் துணியும் அந்த வெள்ளைத் தாளும் மட்டும்தான். வேறு எதுவும் கிடையாது. வெளியே தெரிகிற காலிகோவோ ரெக்சினோ முதுகில் ஒட்டியிருப்பதே இல்லை. புத்தகத்தைத் திறந்தால் முதுகுக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி விழும்.

இந்தத் தொகுதி ஒருமுறை மறு பைண்டிங் ஆகியிருந்தது. ரெக்சினை உரித்ததும் அடியில் செய்தித்தாள் இரண்டு அடுக்கு. நம் ஊர் பைண்டர்கள் முதுகில் செய்தித்தாள் ஒட்டுவது எனக்குப் பிடிக்காத வழக்கம்தான். ஆனால் அதில் ஒரு லாபம் உண்டு: எப்போது பைண்டு செய்தார்கள் என்று அதுவே சொல்லிவிடும். ஒரு துண்டில் சினிமா விளம்பரத்தின் ஓரத்தில் 1974 என்று இருந்தது. அந்தத் தாள் பழுப்பேறி, விரல் பட்டதும் உதிர்ந்தது.

அதற்கும் கீழே சல்லாத்துணி. காயத்துக்குக் கட்டும் துணி போல, கண் கண்ணாக இடைவெளி விட்டு நெய்தது. கடையில் பைண்டிங் துணி என்று கேட்டால் இன்றும் இதைத்தான் எடுத்துப் போடுவார்கள். நூல் எண்ணும் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன்: அங்குலத்துக்கு 24 இழை. அதற்கும் கீழே வச்சிரம், அதாவது விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை, கருத்துக் கண்ணாடியாக இறுகிப் போயிருந்தது. அங்கங்கே பச்சை படர்ந்த கறை. பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்திருக்கிறார்கள்.

வச்சிரத்துக்கும் கீழே எதிர்பாராத ஒன்று இருந்தது. முதுகின் அகலத்துக்குச் சரியாகக் கத்தியால் வெட்டப்பட்ட இன்னொரு துணி. 1930களில் முதல் பைண்டர் ஒட்டியது. அங்குலத்துக்கு 50 இழைக்கு மேல் இருக்கும் நெருக்கமான பருத்தித் துணி. ஊசிமுனையால் ஓர் இழையை நெருடிப் பார்த்தேன், அறவில்லை. ஏறத்தாழ 90 வருடம் ஆகியும் இன்னும் உரத்தோடு இருக்கிறது. அப்படியானால் முதல் பைண்டிங் ஏன் மாற்றப்பட்டது? தொடக்கப் பக்கங்களில் கறையான் தின்ற தடமும், அதன் மேல் ஒட்டுப் போட்ட தாளும் இருந்தன. அட்டையைக் கறையான் தின்றிருக்கிறது. 1974இல் வேலை செய்தவர் அரித்த அட்டையை எறிந்தார், சரி. கூடவே நல்ல துணியின் சிறகுகளையும் நறுக்கிவிட்டு, அதன் மேல் சல்லாவை ஒட்டியிருக்கிறார்.

துணி அறுந்ததா, சாய்ந்ததா

கழன்ற முன்னட்டையில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. பாதி ஒட்டியிருந்த பின்னட்டைதான் சாட்சி. அட்டை மடியும் பள்ளத்தில் மேல்பாதியில் இழைகள் அறுந்திருந்தன. கீழ்ப்பாதியில் ஓர் இழையும் அறவில்லை. ஆனால் சதுரக் கண்களாக இருக்க வேண்டிய நெசவு அங்கே கோணி, சாய்சதுரக் கண்களாக நின்றது.

புத்தகம் செங்குத்தாக நிற்கும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். அட்டைகள் பக்கங்களைவிட மூன்று பக்கமும் கொஞ்சம் நீண்டிருக்கும். இந்தத் தொகுதியில் 4 மி.மீ. ஆகவே அலமாரிப் பலகையில் நிற்பது அட்டைகள் மட்டும்தான். பக்கங்கள் பலகையைத் தொடுவதில்லை, 4 மி.மீ. உயரத்தில், அட்டைகளுக்கு நடுவே தொங்குகின்றன. மூன்று கிலோவும் தொங்குவது இரண்டு பள்ளங்களில் குறுக்கே போகிற துணியில். எடை இழுக்கும் திசை கீழ்நோக்கி. துணியின் இழைகளோ பக்கத்திலிருந்து அட்டைக்குக் கிடைமட்டமாகப் போகின்றன. அதாவது துணியை யாரும் நீளவாக்கில் இழுக்கவில்லை. ஒரு கரையை அசையாமல் பிடித்துக்கொண்டு மறு கரையைக் கீழே தள்ளுகிறது எடை.

நெருக்கமாக நெய்த துணியில் இழைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பதால் அவ்வளவு எளிதில் கோணாது. சல்லாவில் முட்டிக்கொள்ள எதுவும் இல்லை. இழைக்கு இழை வெற்றிடம். அந்த வெற்றிடத்தை நிரப்பி நெசவை நிறுத்தி வைப்பது கஞ்சியும் பசையும். கஞ்சி ஈரக்காற்றில் இளகும். சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், கடற்காற்று வருடம் முழுக்க. வச்சிரமும் காய்ந்தால் மொறுமொறுப்பாகி, அட்டையைத் திறந்து மூடும்போது பள்ளத்தில் முதலில் அதுதான் நொறுங்கும். அப்புறம் இழைகள் தனித்தனியாகத் தொங்க வேண்டியதுதான்.

1974இல் விட்ட பள்ளத்தின் அகலம் 8 மி.மீ. பக்கங்கள் அலமாரிப் பலகையைத் தொடுவதற்கு 4 மி.மீ. இறங்க வேண்டும். எட்டுக்கு நான்கு என்றால் ஏறக்குறைய 27 பாகைச் சாய்வு. பின்னட்டையின் கீழ்ப்பாதியில் கோணமானியை வைத்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே சாய்வு. பக்கங்களின் அடிப்பகுதி பலகையைத் தொட்டதும் அங்கே இழைகளுக்கு ஓய்வு கிடைத்துவிட்டது. முதுகின் மேல்பகுதி மட்டும் முன்னால் சரிந்து கொண்டே போயிருக்கிறது. மேல்பாதி அறுந்து கீழ்ப்பாதி தப்பியதற்குக் காரணம் இதுதான் என்பது என் முடிவு. முதுகு குழிந்ததும் இதே சரிவால்தான்.

சல்லாவைப் பழிப்பதாக நினைக்க வேண்டாம். அரைக் கிலோ நாவலுக்கு அது நல்ல துணி. பசை கண்களின் வழியே புகுந்து அடுத்த பக்கம் வந்துவிடும், முதுகின் உருட்டுக்கு அப்படியே படியும், விலையும் மலிவு. அது பிறந்ததே அந்த மாதிரி வேலைக்குத்தான். 1820களில் லண்டனில் பதிப்பாளர் வில்லியம் பிக்கரிங், பைண்டர் ஆர்ச்சிபால்ட் லேட்டன் போன்றவர்கள் புத்தகத்துக்குத் துணி அட்டை போட ஆரம்பித்தார்கள். பசை வெளியே ஊறாதபடி கஞ்சி நிரப்பிய காலிகோ வந்தது. அதன் பிறகு அட்டையைத் தனியாகச் செய்து, பக்கங்களைத் தனியாகத் தைத்து, கடைசியில் இரண்டையும் ஒட்டிச் சேர்க்கிற முறை பரவியது. அதற்கு முன் ஐரோப்பிய பைண்டிங்கில் தையல் கயிறுகளே அட்டைக்குள் நுழைந்து பிடித்துக்கொள்ளும். கயிறு போன இடத்தில் கஞ்சி போட்ட மெல்லிய துணி வந்து உட்கார்ந்தது. ஆயிரக்கணக்கில் மலிவாக அடிக்க வேண்டும் என்பது கணக்கு, அதற்கு அது போதும். மூன்று கிலோ அகராதி அந்தக் கணக்கில் இல்லை.

துணியிடம் இதைவிடப் பெரிய வேலை வாங்கியவர்கள் பழங்காலத்திலேயே இருந்திருக்கிறார்கள். பைசாந்தியப் புத்தகங்களில் முதுகில் ஒட்டிய கெட்டியான துணி மர அட்டைகளின் மேல்புறம்வரை நீண்டு போய் ஒட்டப்பட்டிருக்கும். இஸ்லாமிய பைண்டிங்கிலும் முதுகுத் துணி முக்கியமான உறுப்பு. அங்கெல்லாம் துணி தூண். நம் கையில் அது வெறும் ஒட்டுத்தாளாகச் சுருங்கிவிட்டது.

எந்தத் துணி

கையில் இருந்த துணிகளைக் கொஞ்சம் கொஞ்சம் வெட்டி, இரண்டு அட்டைத் துண்டுகளுக்கு நடுவே பள்ளம் விட்டு ஒட்டி, மாதிரி மடிப்புகள் செய்தேன். இழுவைச் சோதனை என்றால் துணியைத் தொங்கவிட்டு அடியில் எடை கட்டுவார்கள். அது இந்த இடத்துக்குப் பொருந்தாது. அப்படிச் சோதித்தால் சல்லாகூட நன்றாகத் தாங்கும். அதனால் ஓர் அட்டையைச் சுவரில் செங்குத்தாக இறுக்கிவிட்டு, இன்னொன்றில் எடையைக் கட்டிப் பள்ளத்தின் போக்கிலேயே கீழே இழுக்க விட்டேன். புத்தகம் அலமாரியில் படுகிற பாடு அதுதான்.

சல்லா உடனே கோணியது. இரண்டு அடுக்குப் போட்டால் கோணல் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

காடாத்துணியில் பெரிய நம்பிக்கை வைத்திருந்தேன். சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறியில் நெய்கிற வெளுக்காத துணி, உரத்துக்குக் குறைவில்லை. கோணவும் இல்லை. ஆனால் முதுகில் ஒட்டிப் பார்த்தால் தடிமன் இடித்தது. பசை மேலேயே நின்று காய்ந்து, துணி பலகை மாதிரி விறைத்தது. முதுகு விறைத்தால் புத்தகம் நடுவில் திறக்காது. கையால் அழுத்தித் திறப்பார்கள், அந்த அழுத்தம் தையலில் போய் விழும். துணி தப்பித்து நூல் அறும்.

பாலியெஸ்டர் கலந்த சட்டைத் துணியும் பார்த்தேன். மாவுப் பசை அதில் ஊறுவதே இல்லை. வெள்ளைப் பசை பிடிக்கும், ஆனால் அதை முதுகில் போட எனக்கு மனமில்லை. காரணம் கீழே வரும்.

வெளிநாட்டு நூலகங்களின் பழுதுபார்ப்புக் கூடங்களில் ஏரோலினன், ஏரோகாட்டன் என்று இரண்டு துணிகள் புழங்குகின்றன. பெயருக்குக் காரணம் விமானம்தான். முதல் உலகப் போர்க்கால விமானங்களின் இறக்கைக்கு ஆளிநார்த் துணி போர்த்திப் பூச்சு பூசினார்கள். ஆளிநார் தட்டுப்பாடு வந்தபோது அமெரிக்காவில் பருத்தியிலேயே அதற்கு ஈடான துணி நெய்தார்கள். விமானத்துக்கான அந்த முதல்தரப் பருத்தித் துணிக்கு விதி: அங்குலத்துக்கு 80 முதல் 84 இழை, பாவிலும் (நீளவாக்கு இழை) ஊடையிலும் (குறுக்கு இழை) ஓர் அங்குலப் பட்டை குறைந்தது 80 பவுண்டு தாங்க வேண்டும். மெல்லிசாக இருக்க வேண்டும், நெருக்கமாக இருக்க வேண்டும், கோணக்கூடாது: இறக்கைக்குத் தேவையானதும் புத்தக முதுகுக்குத் தேவையானதும் ஒன்றேதான். அதை வரவழைக்கலாம். ஆனால் ஒரு புத்தகத்துக்கு வேண்டியது ஒரு முழத்துக்கும் குறைவான துணி.

மெல்லிசு, நெருக்கம், சுத்தப் பருத்தி. நம் ஊரில் இந்த மூன்றும் சேர்ந்த துணியைத் தேடிக் கடை கடையாக ஏற வேண்டியதில்லை, வேட்டி இருக்கிறது. பழைய பைண்டர்கள் கிழிந்த வேட்டியை முதுகுக்குப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். யோசனை சரி, கிழிந்த வேட்டிதான் தப்பு. வருடக்கணக்கில் துவைத்து, வெயிலில் காய்ந்து, நார் தேய்ந்துபோன துணிக்குப் பாரம் சுமக்கிற வேலையைக் கொடுக்கக்கூடாது. புது வேட்டியின் நடுப்பகுதியை எடுத்தேன். அங்குலத்துக்குப் பாவில் 70 இழை, ஊடையில் 64. சோதனையில் மிகச் சிறிதளவே இறங்கி, அப்படியே நின்றது. மடித்து மடித்துப் பார்த்ததிலும் காடாவைப் போல விறைக்கவில்லை.

துணியைத் தயார் செய்தது

புதுத் துணியில் தறிக் கஞ்சி இருக்கும். பாவு நூலுக்குக் கஞ்சி போட்டால்தான் தறியில் அறாமல் ஓடும்; சேலம் பக்கத்து மரவள்ளி மாவு இந்த வேலைக்கு நிறையப் போகிறது. அந்தக் கஞ்சி இருக்கும்வரை நம் பசை நாருக்குள் போகாது. தவிர, முதல் நனைப்பில் பருத்தி சுருங்கும். முதுகில் ஒட்டிய பிறகு சுருங்கினால் ஃபாரங்களைச் சேர்த்து இழுத்து முதுகை நெளித்துவிடும். ஆகவே வெந்நீரில் ஊறவைத்து, சோப்பு நுரை துளியும் தங்காமல் பலமுறை அலசி, நிழலில் காயவைத்தேன். சலவை நீலம் போடக்கூடாது என்று உதவிக்கு இருக்கும் பையனிடம் சொல்லி வைத்திருந்தேன். “வேட்டின்னா நீலம் போடாம எப்படிண்ணே?” என்று அவன் கேட்டது நியாயமான கேள்விதான்.

அலசிய துணி தளர்ந்து போயிருக்கும், வெட்டினால் ஓரம் பிரியும். ஈரமாகக் கண்ணாடிப் பலகையில் பாவும் ஊடையும் நேராக நிற்கும்படி இழுத்துப் படியவைத்து, நீர்த்த மாவுப் பசையை ஒருமுறை தடவிக் காயவிட்டேன். காய்ந்ததும் தாள் மாதிரி உரிந்து வந்தது. கத்தியால் நேர்க்கோட்டில் வெட்டலாம், ஓர் இழைகூடச் சிலும்பாது.

பாவு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதில் பைண்டர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மேலுறைத் துணிக்குப் பாவு மேலிருந்து கீழாக, முதுகின் போக்கில். முதுகுத் துணிக்கும் அப்படியே வெட்டிவிடுவோம். இந்த வேலையில் நான் மாற்றினேன். பள்ளத்தைக் கடந்து அட்டைக்குப் போகும் இழைகள்தான் பாரத்தைச் சுமக்கின்றன. எண்ணிக்கையில் அதிகமாகவும் நீளும் தன்மையில் குறைவாகவும் இருப்பது பாவு, ஆகவே அது பள்ளத்துக்குக் குறுக்கே. துணியைக் கோணவாக்கில் வெட்டினால் உருட்டு முதுகுக்கு நன்றாகப் படியும் என்று சிலர் செய்வதுண்டு. படியும்தான். ஆனால் கோணவாக்கில் வெட்டிய துணி நீளும். நீளாமல் இருக்கத்தான் இவ்வளவு பாடும்.

பசை

வெள்ளைப் பசையை, அதாவது பிவிஏ வகையை, ஃபாரங்களின் முதுகில் நேரடியாகத் தடவுவதில்லை என்பது என் பட்டறையின் விதி. நன்றாகப் பிடிக்கும், வளையும், சீக்கிரம் காயும். குறை, திரும்ப எடுக்க முடியாது என்பதே. காய்ந்த பிறகு தண்ணீருக்கு மசியாது. பிரித்தால் தாளோடுதான் வரும். இந்த அகராதிக்கு இன்னும் 50 வருடம் கழித்து யாரோ ஒருவர் வேலை செய்யத்தான் போகிறார். 1974இல் போட்டது வச்சிரமாக இருந்ததால் நான் தப்பித்தேன். தண்ணீருக்கு அது மசியும்.

மைதா மாவைப் பிசைந்து தண்ணீரில் கரைத்துப் பிசினை நீக்கி, அடியில் தங்கிய வெள்ளை மாவை மட்டும் காய்ச்சி வடிகட்டினேன். மயில்துத்தம் போடவில்லை. இராமபாணப் பூச்சி வராது என்று நம் தொழிலில் தலைமுறையாகப் போடுகிறோம். பூச்சிக்கு அது நஞ்சு என்பது உண்மை. அதிலிருக்கும் செம்பு தாளின் நாரையும் பருத்தி நாரையும் சிதைவுக்குத் தூண்டிவிடும் என்பதும் உண்மை. பச்சைக் கறை பட்ட இடத்தில் எல்லாம் தாள் பழுத்து நொறுங்குவதை இதே புத்தகத்திலேயே பார்க்க முடிந்தது. பூச்சியைத் தடுக்க அலமாரியைத் துடைத்து, புத்தகத்தை அவ்வப்போது எடுத்துப் புரட்டினால் போதும். ஆசிரியர் வீட்டில் அது தானாகவே நடக்கிறது.

வேலை

வச்சிரத்தை எடுக்க முதுகின் மேல் கெட்டியான மாவுப் பசையைப் பூசி, மேலே பிளாஸ்டிக் தாளை மூடி விட்டுவிட்டேன். பசையில் இருக்கும் ஈரம் மெதுவாக இறங்கி வச்சிரத்தை ஊறவைக்கும், தாளுக்குள் பாயாது. ஊறியதும் எலும்புக் கத்தியால் வழித்தால் கூழாக வரும். சல்லாவும் அதோடு போயிற்று.

1930களின் துணியை என்ன செய்வது என்பதில் நெடுநேரம் தயங்கினேன். அதை எடுத்துவிட்டால் முதுகு சுத்தமாகும், புதுத் துணி நேராகத் தாளைப் பிடிக்கும். பைண்டிங் பற்றிய நூல்களில் இதற்கு ஒரே விடை கிடையாது. அடியில் எதுவும் விடக்கூடாது என்கிற கட்சியும் உண்டு. ஓரத்தில் கொஞ்சம் தூக்கிப் பார்த்தபோது ஃபாரத்தின் மடிப்புத் தாள் நாராகக் கூடவே எழுந்தது. ஒட்டு அவ்வளவு நல்ல ஒட்டு. தையலும் அந்தத் துணியைச் சார்ந்தே உறுதியாக நின்றது: நாடா வைத்துத் தைத்த தையல், முதல் இரண்டு ஃபாரத்திலும் கடைசி ஃபாரத்திலும் மட்டுமே நூல் விட்டிருந்தது. நன்றாக இருக்கிற ஒன்றை முறைக்காகப் பிய்ப்பதற்கில்லை என்று அதை அப்படியே விட்டேன். தூக்கிய ஓரத்தை மட்டும் பசை வைத்துப் படியவைத்தேன். விட்டுப்போன ஃபாரங்களைத் திரும்பத் தைத்தேன்.

ஈரம் இருக்கும்போதே முதுகை உருட்டுக்குக் கொண்டுவந்து, கட்டி, காயவைத்தாயிற்று. முழு உருட்டு வரவில்லை. அரை நூற்றாண்டாகக் குழிந்து பழகிய முதுகு. வந்தவரை போதும் என்று நிறுத்திக்கொண்டேன்.

பிறகு அடுக்குகள். முதலில் கோசோ நாரில் செய்த மெல்லிய ஜப்பானியத் தாள், மாவுப் பசையில். நாளை யாராவது முதுகைப் பிரிக்க நினைத்தால் ஈரம் காட்டியதும் இந்தத் தாளோடு எல்லாம் எழுந்து வரும். அதன் மேல் வேட்டித் துணி, மாவுப் பசையிலேயே. மேலும் கீழும் 1 செ.மீ. விட்டு, இரு பக்கமும் 5 செ.மீ. சிறகுடன். பசையை இழைகளுக்குள் விரலால் தேய்த்து இறக்க வேண்டும். மேலே மினுங்கிக்கொண்டு நின்றால் ஊறவில்லை என்று அர்த்தம். அதன் மேல் கெட்டித் தாளைக் குழாயாக மடித்து ஒட்டினேன். புத்தகம் திறக்கும்போது முதுகு தாராளமாக வளைய இந்தக் குழாய் இடம் கொடுக்கும், மேலுறையும் சுருங்காது.

அட்டையில்தான் பெரிய மாற்றம் செய்தேன். வழக்கமாகச் சிறகை அட்டையின் உட்புறத்தில் ஒட்டி மேலே தாள் போர்த்துவோம். அப்படிச் செய்தால் துணியை அட்டையோடு பிடித்து வைப்பது ஒரு பக்கப் பசை மட்டும்தான். எடை அதை உரித்தெடுக்கப் பார்க்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பிரிட்டனில் நூலகப் புத்தகங்களுக்குப் போட்ட ஒரு பழைய முறை உண்டு: அட்டையை இரண்டு தகடுகளாகச் செய்து, நடுவே சிறகை நுழைத்து ஒட்டிவிடுவது. துணிக்கு இரு பக்கமும் பிடி. உரிவதற்கு விளிம்பே இல்லை. இங்கே மட்டும் வெள்ளைப் பசை போட்டேன். இரண்டு தகட்டுக்கு நடுவில் இருப்பதை யாரும் பிரிக்கத் தேவையில்லை. அட்டை வேண்டாமென்றால் துணியை வெட்டிவிட்டுப் புது அட்டை போடலாம், பக்கங்களுக்குச் சேதம் கிடையாது.

பள்ளத்தை 8 மி.மீ.லிருந்து 6 ஆகக் குறைத்தேன். குறுக்கே போகும் துணி எவ்வளவு குட்டையோ அவ்வளவு குறைவாக இறங்கும். இன்னும் குறைத்தால் அட்டை முழுதாகத் திறக்காது. அட்டையின் நீட்சியையும் கீழ்ப்பக்கம் மட்டும் 4 மி.மீ.லிருந்து 2 ஆக்கினேன். பார்வைக்குச் சற்று வித்தியாசமாகத் தெரியும். மேலே காலிகோ, பழைய ரெக்சினில் இருந்த பொன்னெழுத்துப் பட்டியை வெட்டி எடுத்து முதுகிலேயே ஒட்டினேன்.

மழை நாட்களில் வேலை நடந்ததால் காய்வதுதான் இழுத்தடித்தது. ஒவ்வோர் அடுக்குக்குப் பிறகும் உறிஞ்சுதாளை மாற்றி மாற்றி அழுத்தத்தில் வைத்தேன். மாவுப் பசை ஈரத்தோடு மூடிக் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும், அதில் அவசரம் கூடாது.

பிறகு பார்த்தது

புத்தகம் நடுப்பக்கத்தில் கை வைக்காமல் திறந்து கிடக்கிறது. முதல் ஃபாரத்திலும் கடைசி ஃபாரத்திலும் கொஞ்சம் விறைப்பு இருக்கிறது. புதுத் தையலும் துணியும் அங்கே சேர்ந்து வருவதால் அது எதிர்பார்த்ததே. அடுத்த மழைக்காலம் முடிந்து ஆசிரியர் வீட்டில் பார்த்தேன். அட்டைக்கும் பக்கங்களுக்கும் இடையே மேல்பக்கத்தில் எந்த விலகலும் இல்லை. கீழே 2 மி.மீ. இடைவெளி அப்படியே இருந்தது, பக்கங்கள் இறங்கவில்லை.

படுக்க வைத்தால் நல்லது என்று அவரிடம் சொல்லியிருந்தேன். “படுக்க வைச்சா எடுக்கிறதுக்குச் சோம்பலாயிடும் தம்பி, அப்புறம் பாக்கவே மாட்டேன்” என்றார். அதுவும் சரிதான். ஆகவே 2 மி.மீ. கனத்தில் ஓர் அட்டைத் துண்டை வெட்டி, புத்தகம் நிற்கும் இடத்தில் பக்கங்களுக்கு அடியில் மட்டும் முட்டுக் கொடுக்கும்படி வைத்தேன். இங்கிலாந்தின் நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கும் பழைய மாளிகை நூலகங்களில் கனமான புத்தகங்களுக்கு இதே வேலையைச் செய்கிற, அடியில் முட்டு வைத்த மேலுறைகள் உண்டு. இந்த அட்டைத் துண்டு இருக்கும்வரை துணிக்குப் பெரிய வேலையே இல்லை. ஆனால் ஒட்டடை அடிக்கும்போது அது எங்கேயாவது போய்விடும் என்பதையும் கணக்கில் வைத்துத்தான் துணியைத் தேர்ந்தெடுத்தேன்.

பின்னட்டையின் உள்ளே ஒரு சிறு தாளை ஒட்டியிருக்கிறேன். என்னென்ன அடுக்கு, எது மாவுப் பசை, எது வெள்ளைப் பசை, 1930களின் துணி எங்கே இருக்கிறது, எந்த ஃபாரங்கள் திரும்பத் தைத்தவை என்ற விவரம். அடுத்து பிரிக்கிறவர் செய்தித்தாளில் தேதி தேட வேண்டியதில்லை.

செலவில் துணிக்கான பங்கு சொற்பம். கூலிதான் எல்லாம். வாசகர்களில் பைண்டிங் செய்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு எல்லாப் புத்தகத்துக்கும் வேட்டித் துணி போட ஆரம்பித்தால் நான் பொறுப்பில்லை. ஆசிரியரே அடுத்த மாதம் இன்னொரு புத்தகத்தைக் கொண்டு வந்தார். 400 பக்க இலக்கண நூல், எடை 600 கிராம், அதே மாதிரி முன்னட்டை கழன்றது. பிரித்துப் பார்த்தால் சல்லா நன்றாகவே இருந்தது, கோணவும் இல்லை. சிறகை அட்டையில் ஒட்டும்போது பள்ளத்தில் பசை அதிகமாகத் தேங்கி, காய்ந்து, துணியை அங்கேயே ஒடித்திருக்கிறது. அதற்குப் புதுச் சல்லா ஒற்றை அடுக்குதான் போட்டேன், பள்ளத்தில் பசை படாமல்.